வீடு எந்த இடத்தில்: கட்டடக்கலையும் சமூக நீதியும்

2019 டிசம்பர் 2 அதிகாலையில், கோவை மாவட்டம் மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், தொடர்மழையில் ஊறிப்போன ஒரு சுற்றுச்சுவர் சரிந்து, அதை ஒட்டித் தாழ்வாக இருந்த வீடுகளின் மேல் விழுந்தது. உறக்கத்திலேயே 17 பேர் இறந்தனர். இறந்தவர்கள் எல்லோரும் தலித் மக்கள். சுவரின் உயரம் சுமார் 20 அடி. அது எந்த நேரமும் விழலாம் என்று குடியிருப்பினர் முன்பே முறையிட்டிருந்ததாக அன்றைய செய்திகள் கூறின. அடுத்த சில வாரங்களில் நடந்த விவாதம் பெரும்பாலும் ஒரே கேள்வியைச் சுற்றி வந்தது: அது தீண்டாமைச் சுவரா, சொத்துக்குப் பாதுகாப்பாகக் கட்டிய சாதாரணக் காம்பவுண்டுச் சுவரா?

கட்டியவரின் மனத்தில் என்ன இருந்தது என்பதை நிரூபிக்க வேண்டிய தேவை நீதிமன்றத்துக்கு இருக்கலாம். கட்டடக்கலையின் பக்கம் நின்று பார்ப்பவருக்கு வேறு கேள்விகள் முதலில் எழும். மண்ணையோ மழைநீரையோ பின்னால் தேக்கக்கூடிய உயர்ந்த சுவருக்கு அகலமான அடித்தளமும், நீர் வடிவதற்கான துளைகளும், இடையிடையே தாங்குதூண்களும் வேண்டும் என்பது பொறியியல் மாணவருக்கும் தெரிந்த பாடம். அப்படியிருக்க, ஆள் உயரத்தைப் போல மூன்று மடங்கு உயர்ந்த ஒரு சுவரின் நிழலில், அதைவிடத் தாழ்ந்த மட்டத்தில், சிலரின் வீடுகள் மட்டும் எப்படி அமைந்தன? அந்தத் தாழ்ந்த மட்டம் அவர்களுக்கு யாரால், எப்போது ஒதுக்கப்பட்டது? இந்தக் கேள்விகளுக்கான விடை சுவரைக் கட்டியவரிடம் மட்டும் இல்லை. அது ஊரின் அமைப்பிலும் அரசின் மனைப்பட்டா முறையிலும் இருக்கிறது.

சமூக நீதியில் கட்டடக்கலைக்கு என்ன பங்கு என்று பேசத் தொடங்கினால், பேச்சு விரைவில் வீட்டின் வடிவத்துக்குப் போய்விடுகிறது. செலவு குறைந்த செங்கல், காற்றோட்டமான கூரை, அழகான முகப்பு, சுவர் ஓவியம் என்று பட்டியல் நீள்கிறது. இவை தேவையற்றவை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் விளிம்பில் நிற்கும் மக்களுக்குக் கட்டடக்கலை இழைத்த அநீதிகளில் பெரும்பகுதி, கட்டடம் எழுவதற்கு முன்பே, இடத்தைத் தேர்ந்தெடுத்த நேரத்தில் நடந்து முடிந்துவிடுகிறது. எந்த நிலம், எந்த மட்டம், வேலைக்கு எவ்வளவு தொலைவு, பாதை யார் நிலத்தின் வழியே போகிறது என்பவை தீர்மானிக்கப்பட்ட பிறகு வரும் கட்டடம், எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்தத் தீர்மானத்தை மாற்ற முடிவதில்லை.

தமிழ்நாட்டுக் கிராமத்தின் அமைப்பே இதற்கு முதல் சான்று. ஊர் ஓரிடம், சேரி ஓரிடம். இடையில் ஒரு வாய்க்காலோ வயலோ சாலையோ இருக்கும். தீண்டாமை மனிதர்களுக்கு இடையிலான பழக்கம் மட்டுமல்ல, அது நிலத்தின் மேல் வரையப்பட்ட எல்லையும்கூட என்பதை அம்பேத்கர் திரும்பத் திரும்ப எழுதினார்; கிராமத்தை இந்தியக் குடியரசின் அடிப்படை அலகாகக் கொள்ள வேண்டும் என்ற கருத்தை அவர் 1948-இல் அரசியல் நிர்ணய சபையில் அவ்வளவு கடுமையாக மறுத்ததற்கும் இதுவே அடிப்படை. மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் அந்த எல்லை கண்ணுக்குத் தெரியும் சுவராகவே நின்றது. 1989-இல் நடந்த சாதி மோதலுக்குப் பின் எழுப்பப்பட்ட அந்தச் சுவரில், மார்க்சிஸ்ட் கட்சியும் தீண்டாமை ஒழிப்பு முன்னணியும் நடத்திய போராட்டத்தின் விளைவாக, 2008 மே 6 அன்று மாவட்ட நிர்வாகம் 15 அடி அளவுக்கு இடித்துப் பாதை திறந்தது. இடைவெளி விழுந்த உடனே ஆதிக்க சாதியினர் பலர் ஊரைக் காலி செய்துகொண்டு வெளியேறியதையும், கோயில் நுழைவுக்கு 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்ததையும் நினைவில் கொண்டால், ஒரு சுவர் எவ்வளவு பாரத்தைத் தாங்கி நின்றிருக்கிறது என்பது விளங்கும்.

எல்லா இடத்திலும் சுவர் தேவைப்படுவதில்லை. வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில் 2019 ஆகஸ்டில் நடந்ததை எண்ணிப் பார்க்கலாம். பாலாற்றங்கரைச் சுடுகாட்டுக்குப் போகும் வழி தனியார் நிலத்துக்குள் அடைபட்டுவிட்டதால், தலித் ஒருவரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். அந்தக் காணொளி நாடு முழுவதும் பரவியது. ஆளை ஆள் தடுத்த காட்சி அதில் இல்லை. ஒரு வண்டிப் பாதைக்கு வேண்டிய நிலம் மட்டும் இல்லாமல் இருந்தது. சுடுகாட்டுக்குப் பாதை ஒதுக்குவது ஊரமைப்பின் அரிச்சுவடி. அது விடுபட்ட இடத்தில், இறந்த பிறகும் ஒருவர் எந்தச் சாதி என்பதை நிலம் சொல்லிவிடுகிறது.

இதில் சங்கடமான பகுதி, நலத்திட்டங்களே இந்த அமைப்பைத் திரும்ப வரைந்தன என்பதுதான். ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலம் எடுப்பதற்கென்றே தமிழ்நாட்டில் 1978-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன் வழியே பல்லாயிரம் குடும்பங்களுக்கு மனைப்பட்டா கிடைத்தது உண்மை. அதற்கு முன்பு பிறர் நிலத்தில் குடியிருந்து, எந்த நாளும் வெளியேற்றப்படலாம் என்ற நிலையில் இருந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை. ஆனால் ஊரின் நடுவே நிலம் கிடைப்பது கடினம், விலையும் அதிகம், எதிர்ப்பும் வரும். எனவே பல இடங்களில் ஏற்கெனவே இருந்த சேரியை ஒட்டியோ, இன்னும் தள்ளியோ, பள்ளமான நிலத்திலோ மனை பிரிக்கப்பட்டது. அங்கே தொகுப்பு வீடுகள் எழுந்தன. கான்கிரீட் கூரை பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி பல்லிளிக்கும் அந்த வீடுகளைப் பற்றிப் பத்திரிகைகள் ஆண்டுதோறும் எழுதுகின்றன. கூரையைப் பழுதுபார்க்க நிதி ஒதுக்க முடிகிறது. மனை இருக்கும் இடத்தைப் பழுதுபார்க்கத் திட்டம் ஏதும் இல்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. 1997-இல் மு. கருணாநிதியின் அரசு அறிவித்து, அடுத்த ஆண்டு மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் முதலாவதாகத் திறந்துவைத்த சமத்துவபுரம், வரைபடத்தையே சாதிக்கு எதிராகப் பயன்படுத்த முயன்ற திட்டம். நூறு வீடுகளில் 40 ஆதிதிராவிடர்களுக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு என்பது ஒதுக்கீடு. அடுத்தடுத்த வீடுகளில் வெவ்வேறு சாதியினர் வர வேண்டும். சமுதாயக் கூடம் ஒன்று, சுடுகாடு ஒன்று, நுழைவாயிலில் பெரியார் சிலை. கட்டடம் என்று பார்த்தால் அந்த வீடுகளில் புதுமை எதுவும் இல்லை. பொதுப்பணித்துறைச் சாயல் கொண்ட சிறு வீடுகள்தாம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்பதைத் தீர்மானிக்கும் உரிமையைச் சாதியிடமிருந்து பிடுங்கியது, என் பார்வையில், தமிழ்நாட்டு அரசுக் கட்டுமான வரலாற்றில் மிகத் துணிச்சலான வடிவமைப்பு முடிவு. அதன் வரம்பும் வெளிப்படையானது. சமத்துவபுரங்கள் பழைய ஊரைத் தொடவில்லை. ஊருக்கு வெளியே, நிலம் கிடைத்த இடத்தில் எழுந்தன. ஊரும் சேரியும் இருந்த இடத்திலேயே இருந்தன. பல சமத்துவபுரங்களுக்குப் பேருந்தும் வேலையும் தொலைவாகிப் போயின. இடத்தின் சிக்கல் அங்கும் பின்தொடர்ந்தது.

நகரத்துக்கு வந்தால் சாதியின் எல்லைக்கோட்டோடு நில விலையின் எல்லைக்கோடும் சேர்ந்துகொள்கிறது. சென்னையின் கதை இதில் மிக நீண்டது, மிகத் தெளிவானதும்கூட. 1970-இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. அடுத்த ஆண்டு குடிசைப் பகுதிகளுக்கான தனிச் சட்டம் வந்தது. ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம் என்ற அண்ணாவின் சொற்களை முகப்பில் தாங்கிய அந்த வாரியம், முதல் ஆண்டுகளில் ஓர் எளிய கொள்கையைப் பின்பற்றியது: குடிசை இருந்த இடத்திலேயே மூன்று மாடிக் கட்டடம் எழும்பும், குடிசையில் இருந்தவரே அதில் குடியேறுவார். அந்த வீடுகள் சிறியவை. கட்டுமானத்தின் தரம் பற்றிய குறைகளும் அன்றிலிருந்தே உண்டு. ஆயினும் கடற்கரையை ஒட்டியும் நகரின் நடுவிலும் இன்றைக்கும் உழைக்கும் மக்கள் வசிக்கிறார்கள் என்றால், அதற்கு அந்தக் கொள்கையே காரணம். இன்றைய நில விலையில் அந்த இடங்களில் ஒரு சதுர அடி வாங்கவும் அவர்களால் முடியாது.

அடுத்து வந்தது 1977-இல் உலக வங்கியின் கடனுதவியோடு தொடங்கிய சென்னை நகர்ப்புற வளர்ச்சித் திட்டம். அதன் ஒரு பகுதி, வீடு கட்டித் தராமல் மனையும் சாலையும் குடிநீரும் கழிவுநீர் இணைப்பும் மட்டும் தருவது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய மூன்று இடங்களில் இது நடந்தது. ஏழைகளுக்கான சிறு மனை ஏறத்தாழ 40 சதுர மீட்டர். அதில் ஒரு கழிப்பறையும் ஒரு மேடையும் மட்டும் இருக்கலாம், அல்லது ஓர் அறையும் சேர்ந்திருக்கலாம். மீதியைக் குடும்பம் தன் கையில் காசு புரளும்போது கட்டிக்கொள்ள வேண்டும். பெரிய மனைகளையும் கடை மனைகளையும் சந்தை விலைக்கு விற்று, அந்த லாபத்தில் சிறு மனைகளின் விலையைக் குறைத்தார்கள். இதனால் சிறு மனையும் பெரு மனையும் ஒரே பகுதியில் அமைந்தன. பல ஆண்டுகள் அங்கே பாதி கட்டிய சுவர்களும் காலி மனைகளுமே தெரிந்ததால், திட்டம் தோற்றுவிட்டது என்ற முடிவுக்குப் பலரும் வந்தார்கள். உலக வங்கியே இத்தகைய திட்டங்களிலிருந்து பின்வாங்கியது. இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து, வங்கியின் ஆய்வாளர்கள் சென்னைக்கும் மும்பைக்கும் திரும்பி வந்து அந்தப் பகுதிகளை மறுபடி பார்த்தபோது, பல வருமான நிலையினரும் கலந்து வாழும், தெருவும் கடையும் பள்ளியும் உள்ள, நகரத்தின் மற்ற பகுதிகளிலிருந்து பிரித்தறிய முடியாத குடியிருப்புகளைக் கண்டார்கள். ஒரு வீடு முழுமையடைய இருபது ஆண்டு ஆகும் என்பது எந்தக் கொத்தனாருக்கும் தெரிந்த செய்தி. திட்ட அறிக்கைகளுக்கு அந்தப் பொறுமை இல்லை.

இதே சிந்தனையைக் கட்டடக்கலை உலகம் வேறு இடங்களில் கொண்டாடியிருக்கிறது. இந்தூரில் கட்டடக்கலைஞர் பாலகிருஷ்ண தோஷி வடிவமைத்த அரண்யா குடியிருப்பு 1995-இல் கட்டடக்கலைக்கான ஆகா கான் விருது பெற்றது. கழிப்பறை, மேடை, தெருவோடு பேசும் திண்ணை ஆகியவற்றிலிருந்து வீடு வளரும் முறையைக் காட்ட அவர் 80 மாதிரி வீடுகளைக் கட்டினார். சிலி நாட்டின் இக்கிக்கே நகரில் கின்டா மோன்ராய் என்ற இடத்தில் ஏறத்தாழ நூறு குடும்பங்கள் முப்பது ஆண்டுகளாக ஆக்கிரமித்து வாழ்ந்துவந்தன. 2000-களின் தொடக்கத்தில் அவர்களுக்கு வீடு கட்டும் பணி கட்டடக்கலைஞர் அலெஹாந்த்ரோ அரவேனாவின் குழுவிடம் வந்தது. ஒரு குடும்பத்துக்குக் கிடைத்த மானியம் 7,500 டாலர். நிலம், சாலை, வீடு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அந்த நிலமோ, ஏழைகளுக்கான வீட்டுத் திட்டங்கள் வழக்கமாகக் கொடுக்கும் விலையைப் போல மூன்று மடங்கு. ஊருக்கு வெளியே மலிவான நிலத்துக்குப் போயிருந்தால் முழு வீடு கட்டியிருக்கலாம். அவர்கள் நிலத்தை விடாமல், வீட்டில் பாதியை மட்டும் கட்டினார்கள். குடும்பத்தால் தானே கட்டிக்கொள்ள முடியாத பாதி அது: தூண்கள், மாடிப்படி, சமையலறை, கழிப்பறை, பக்கத்து வீட்டுக்கும் நமக்கும் இடையிலான தீத்தடுப்புச் சுவர். மற்ற பாதிக்கு வெற்றிடம் விடப்பட்டது. 36 சதுர மீட்டரில் தொடங்கிய வீடு 70 சதுர மீட்டர் வரை வளரலாம். அரை வீட்டைக் கொடுத்து அரசு தன் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்கிறது என்ற விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. எனினும் வீட்டின் பரப்பையும் வீட்டின் இடத்தையும் தராசின் இரு தட்டில் வைத்து, இடத்தின் பக்கம் முள் சாய வேண்டும் என்று ஒரு கட்டடக்கலைஞர் முடிவெடுத்தது முக்கியமானது.

சென்னை அதற்கு நேர்மாறான முடிவை எடுத்தது. 2000-ஆம் ஆண்டு முதல் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர், பிறகு செம்மஞ்சேரி, எழில் நகர், பெரும்பாக்கம் என்று நகரின் தென்கோடியில் பெருங்குடியிருப்புகள் எழுந்தன. கூவம், அடையாறு கரைகளிலிருந்தும், மேம்பாலமும் பறக்கும் ரயிலும் வந்த இடங்களிலிருந்தும், 2004 சுனாமிக்குப் பின் கடற்கரையிலிருந்தும் குடும்பங்கள் அங்கே கொண்டுபோய் இறக்கப்பட்டன. கண்ணகி நகரும் எழில் நகரும் சேர்ந்து 23,000-க்கும் மேற்பட்ட வீடுகள்; பெரும்பாக்கத்தில் 20,000-க்கும் மேல். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சென்னை மக்களில் சுமார் 29 விழுக்காட்டினர் குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தார்கள் என்பதை வைத்துப் பார்த்தால், ஒரு நகரம் தன் உழைப்பாளிகளில் ஒரு பகுதியை அள்ளி ஒரே மூலையில் குவித்த செயல் இது. நிலம் மலிவு, அரசுக்குச் சொந்தம், ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கில் கட்டலாம் என்பவை காரணங்கள். அந்த மூலை பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சார்ந்த வடிகால் பகுதி என்பதால், ஆற்றங்கரையில் வெள்ள ஆபத்து என்று சொல்லி அப்புறப்படுத்தப்பட்டவர்களைச் செம்மஞ்சேரியில் 2015 வெள்ளம் மறுபடியும் தேடி வந்தது.

பெரும்பாக்கத்தின் பிளாக் ஒன்றை அருகில் சென்று பார்க்கலாம். தரைத்தளத்துக்கு மேல் ஏழு மாடிகள். ஒரு வீட்டில் ஒரு ஹால், ஒரு படுக்கையறை, சமையலறை, கழிப்பறை. நகரத்துக் குடிசையில் பத்துக்குப் பத்து இடத்தில் ஆறு பேர் படுத்த குடும்பத்துக்கு இது எல்லா வகையிலும் பெரிய வீடு. குழாய்த் தண்ணீரும் தனிக் கழிப்பறையும், குறிப்பாகப் பெண்களுக்கு, எளிதில் ஒதுக்கித் தள்ளக்கூடிய வசதிகள் அல்ல. ஆனால் குடிசையின் வாசல் வெறும் வாசலாக இருந்ததில்லை. அங்கே மாவரைத்து இட்லி விற்றார்கள், பூக்கட்டினார்கள், கருவாடு காயவைத்தார்கள், இஸ்திரி வண்டியையும் மீன்பாடி வண்டியையும் கண்ணெதிரே நிறுத்தினார்கள். ஆறாவது மாடியில் வாசல் என்பது நாலடி அகல நடைபாதை. வண்டியைக் கீழே விட்டால் காலையில் சக்கரம் இருக்குமா என்பது தெரியாது. லிஃப்ட் நின்றுவிட்டால் இட்லிப் பானையைத் தூக்கிக்கொண்டு இறங்கும் பெண்ணுக்கும், டயாலிசிஸுக்குப் போகும் முதியவருக்கும், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் அந்த வீடு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். உயரமான கட்டடம் வசதியானவர்களுக்குப் பராமரிப்புக் கட்டணத்தால் இயங்குகிறது. ஏழைகளுக்கு உயரமான கட்டடம் தருபவர்கள், லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் ஆகும் மாதச் செலவையும் சேர்த்தே அவர்கள் தலையில் வைக்கிறார்கள்.

மயிலாப்பூரிலோ நுங்கம்பாக்கத்திலோ நான்கு வீடுகளில் வேலை பார்த்த ஒரு பெண், முன்பு காலையில் இரண்டு வீட்டு வேலையை முடித்துவிட்டு, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் தன் வீட்டுக்கு நடந்து வந்து, மறுபடி மற்ற இரண்டு வீட்டுக்குப் போவார். இருபது கிலோமீட்டருக்கு அப்பால் குடியேறியதும் அந்தக் கணக்கு உடைந்துவிடுகிறது. போகவர மூன்று மணி நேரம் பேருந்தில் கழியும். நான்கு வீடு இரண்டாகும். பிள்ளை பூட்டிய வீட்டில் தனியாக இருக்கும். வெளியேற்றம் பள்ளி ஆண்டின் நடுவில் நடந்தால் அந்தப் பிள்ளை தேர்வையும் தவறவிடும். நடைபாதைவாசிகள் தொடர்பான ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம் இந்தத் தொடர்பை ஏற்றுக்கொண்டது: பிழைப்பு இருக்கும் இடத்துக்கு அருகில்தான் ஏழை குடியிருக்கிறார், பிழைப்புரிமை உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று அது கூறியது. அதே தீர்ப்பு, முறையான அறிவிப்புக் கொடுத்து வெளியேற்றலாம் என்றும் அனுமதித்தது. பின்னர் வந்த நிர்வாகங்கள் தீர்ப்பின் இரண்டாம் பாதியையே நன்றாக நினைவில் வைத்துக்கொண்டன.

முகவரியும் ஒரு சுமையானது. கண்ணகி நகர் என்று சொன்னால் வேலை கிடைக்காது, கடன் கிடைக்காது என்பதால் உறவினர் வீட்டு முகவரியைக் கொடுக்கும் இளைஞர்களைப் பற்றிப் பல ஆண்டுகளாகச் செய்திகள் வந்தபடி இருக்கின்றன. ஒரே வருமான நிலையினரை, பெரும்பாலும் தலித் மக்களை, ஒரே இடத்தில் இத்தனை ஆயிரமாகக் குவித்தால் சேரியின் பழைய எல்லை நகரத்தின் அளவில் திரும்ப வந்துவிடும் என்பதை வரைபடம் போட்டவர்கள் எண்ணியிருக்க வேண்டும். 2020-இல் அங்கே கட்டடச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வரையப்பட்டு, பார்வையாளர்கள் வரத் தொடங்கினார்கள். ஓவியங்கள் நன்றாகவே இருக்கின்றன. அவற்றால் பேருந்துப் பயணம் குறையவில்லை.

இட அநீதிக்கு அடுத்தபடியாக, வடிவமைப்பின் அநீதி என்ன செய்யும் என்பதற்கு மும்பை ஒரு கடுமையான சான்று. கோவண்டியில் உள்ள நட்வர் பாரேக் காம்பவுண்ட், மான்குர்டில் உள்ள லல்லுபாய் காம்பவுண்ட் போன்ற மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் கட்டடங்களுக்கு இடையே மூன்று மீட்டர் இடைவெளிதான் இருக்கிறது. குடிசை மறுவாழ்வுக்கென்று கட்டட விதிகள் தளர்த்தப்பட்டதால் வந்த இடைவெளி இது. மருத்துவர்களும் ஐஐடி ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்தி 2018-இல் வெளியான ஆய்வு, வெளிச்சமும் காற்றும் புகாத அந்த வீடுகளில், குறிப்பாகக் கீழ்த்தளங்களில், காசநோய் மிகுதியாக இருப்பதைக் காட்டியது. ஏழைகளுக்கான வீடு என்ற காரணத்துக்காக விதியைத் தளர்த்தும்போது, தளர்த்தப்படுவது நுரையீரலுக்கான காற்று. சென்னையிலும் 2021-இல் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் புதிய சுவர்ப்பூச்சு கை பட்ட உடனே உதிர்ந்தது நினைவிருக்கும். அந்தக் குடியிருப்பு நகருக்குள்ளேயே, பழைய இடத்திலேயே அமைந்தது. அந்த வகையில் பெரும்பாக்கத்தைவிடப் பல மடங்கு நியாயமானது. இடம் சரியாக இருந்தும் தரத்தில் ஏமாற்றம் நடக்கலாம் என்பதால், முதல் கேள்விக்கு விடை கிடைத்ததும் இரண்டாவது கேள்வியை விட்டுவிட முடியாது.

நீர்நிலைக் கரையில் வாழ்பவர்களை அங்கிருந்து அகற்றுவதைத் தவிர வேறு வழியே இல்லை என்ற வாதத்துக்குத் தாய்லாந்து ஒரு பதில் வைத்திருக்கிறது. அங்கே 2003-இல் தொடங்கிய பான் மன்கோங் திட்டத்தில், அரசின் பணம் ஒப்பந்ததாரருக்குப் போகாமல், குடியிருப்போரின் சேமிப்புக் குழுக்களுக்கும் கூட்டுறவு அமைப்புகளுக்கும் கடனாகவும் மானியமாகவும் போகிறது. பாங்காக்கின் பாங் புவா கால்வாயோரக் குடியிருப்புகள் இந்த முறையில் மறுபடி கட்டப்பட்டன. கால்வாய்க்குள் நீட்டிக்கொண்டிருந்த வீடுகளைப் பின்னிழுத்து, கரையோரம் நடைபாதை விட்டு, அதே நிலத்தை அரசிடமிருந்து நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்தார்கள். எந்த வீடு எவ்வளவு குறுக வேண்டும், எந்தச் சந்து அகல வேண்டும் என்று பக்கத்து வீட்டுக்காரர்களே உட்கார்ந்து பேசித் தீர்த்தார்கள். கட்டடக்கலைஞர்கள் அந்தப் பேச்சைக் கோடுகளாக மாற்றித் தந்தார்கள். பாய் விரித்து, அட்டையில் வெட்டிய வீடுகளை நகர்த்தி நகர்த்தி நடக்கும் அந்தக் கூட்டங்கள் மெதுவாகவே நகரும். கூவம் கரையில் ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும் வெளியேற்றத்தோடு ஒப்பிட்டால், எது வேகமானது என்பதில் ஐயமில்லை. பெரும்பாக்கத்தில் நகரத்துக்குத் திரும்ப வாடகை வீடு தேடிப் போன குடும்பங்களையும் பூட்டிக் கிடக்கும் வீடுகளையும் கணக்கில் சேர்த்தால், அந்த வேகத்தின் விலை தெரியவரும்.

நம் கட்டடக்கலைக் கல்வியும் தொழிலும் இந்த இடத்தில் பெரும்பாலும் காணாமல் போய்விடுகின்றன. வாரியக் குடியிருப்புகளில் ஒரே மாதிரி வரைபடம் ஆயிரம் முறை நகலெடுக்கப்படுகிறது. மீனவருக்கும் துப்புரவுப் பணியாளருக்கும் பழைய இரும்பு வாங்கி விற்பவருக்கும் ஒரே ஹால், ஒரே சமையலறை. வலை உலர்த்த மொட்டை மாடி, சாக்கு மூட்டைகளை அடுக்கத் தரைத்தள அறை, வண்டிகளைப் பூட்டி வைக்கக் கூரையிட்ட இடம் என்று வேலைக்கேற்ற மாற்றங்களுக்குப் பெரிய செலவு இல்லை; கேட்பதற்கு ஆள் வேண்டும். கல்லூரி ஸ்டூடியோவில் மாணவர்கள் ரிசார்ட்டும் அருங்காட்சியகமும் வரைந்து பழகுகிறார்கள். ஒரு குப்பத்தில் அமர்ந்து, எந்தப் பொருள் எந்த நேரத்தில் எங்கே வைக்கப்படுகிறது என்று ஒரு வாரம் வரைந்து பார்த்த மாணவருக்கு, ஒரு வீட்டுக்கு எத்தனை சதுர அடி என்ற கேள்விக்கு முன்னால் வேறு பல கேள்விகள் இருப்பது தெரியும்.

குடிசை மாற்று வாரியத்தின் பெயர் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறிய பிறகு, அந்த நிறுவனம் தன் எழுபதுகளின் பழைய கட்டடங்களை இடித்து, அதே இடத்தில் மறுபடி கட்டத் தொடங்கியிருக்கிறது. நகரின் நடுவில் உழைப்பாளிகளுக்கு எஞ்சியிருக்கும் கடைசி நிலங்கள் இவை என்பதால், இங்கே எடுக்கப்படும் முடிவுகள் அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்குத் திரும்பாது. கட்டடம் எழும்வரை வெளியே வாடகைக்குப் போகும் குடும்பங்களுக்குத் தரும் கருணைத்தொகை 8,000 ரூபாயிலிருந்து 24,000 ஆக உயர்ந்தது. கட்டுமானம் நீளும் ஒவ்வொரு மாதமும் அது கரைகிறது. இப்போதைய நடைமுறையில் குடியிருப்போரிடம் முதலில் கேட்கப்படுவது பெயர்ப்பட்டியலும் கைரேகையும். வரைபடத்தை அவர்கள் காண்பது, காண்பதாக இருந்தால், ஒப்பந்தப்புள்ளி முடிந்த பிறகு. அந்த வரிசையை மாற்றுவதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. எத்தனை மாடி, கூட்டுக்குடும்பத்தில் பிரிந்த மகனுக்குத் தனி வீடு உண்டா, தரைத்தளம் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமா அல்லது வாகனங்களுக்கா, லிஃப்ட் பழுதுக்கு யார் பொறுப்பு என்ற கேள்விகளை, மண் பரிசோதனை நடக்கும் வாரத்திலேயே, அந்தந்தப் பிளாக்கின் படிக்கட்டில் உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ளலாம்.